சாமிச் சேவலோடு ஒரு சம்பந்தம்

திட்டக்குடி பஸ்ஸில் கண்டக்டர் என் மடியில் இருந்த கூடையைக் கையால் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ‘கொக்’ என்று ஒரு பதில் வந்தது.

“என்னாம்மா, கோழியா? சந்தைக்கா?”

“சந்தைக்கு இல்லீங்க. கட்டிக் குடுக்கப் போறேன்.”

பின் சீட்டில் சிரித்தார்கள். மாப்பிள்ளை எந்த ஊர் என்று ஒரு பெரியவர் கேட்டார். திட்டக்குடி தாண்டி மங்களூர்ப் பக்கம் என்றேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றார். ஊர் சுற்றுவதுதான் வேலை என்றேன். பஸ் மொத்தமும் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பதையே மறந்துவிட்டார்.

மாப்பிள்ளைக்கு வருகிற வெள்ளிக்கிழமை கழுத்து வெட்டு என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் காற்று அனலாக அடித்தது. கூடையின் மேல் கட்டியிருந்த ஈரத்துணி பெண்ணாடம் தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டது. துணி இடுக்கு வழியாக ஒரு கோழி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. கழுத்தைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினேன். இன்னும் கொஞ்ச நாளில் இந்த இனம் இருக்குமா இருக்காதா என்பது இந்தக் கூடையில்தான் இருக்கிறது, நீ வேடிக்கை பார்க்கிறாயா என்று அதைத் திட்டவும் செய்தேன்.

கொட்டகையோடு வந்தவை

இதுவரை எழுதிய வாரங்களில் பொம்மையும் சூளையுமே வந்ததால், நான் மண்ணைத் தவிர வேறெதையும் தொடாதவள் என்று நினைத்திருப்பீர்கள். கோழி இல்லாமல் எங்கள் பட்டறை ஒரு நாளும் விடிந்ததில்லை.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த கொட்டகையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மேல் தகரம் ஓட்டை, சூளைக் கதவு ஒருக்களித்தே நிற்கும். முன்பு இருந்தவர் அவசரமாகக் காலி செய்துகொண்டு போனார். போகும்போது உடைந்த அச்சுகளையும், ஒரு சேவலையும், மூன்று நான்கு கோழிகளையும் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்பார் என்று கொஞ்ச நாள் காத்திருந்தோம். வரவில்லை.

அவை கிராப்புக் கோழிகள். சாம்பல் நிறம், சின்ன உடம்பு. கொண்டைக்குப் பின்னால் ஒரு கொத்து இறகு எழுந்து நிற்கும், முடிதிருத்தும் கடையில் கிராப்பு வெட்டிக்கொண்டு நேராக வந்த மாதிரி. எங்கள் பக்கம் முன்பு நிறைய வீடுகளில் இருந்ததாம். கறிக்கோழி வந்தது, முட்டைக்கோழி வந்தது, இதை யாரும் தேடவில்லை.

எங்களிடம் அவை சொகுசாகவே இருந்தன. கோணிப்போன வாஷ் பேசினில் தண்ணீர் குடித்தன. கப்புகளைப் பொதிகிற வைக்கோலில் முட்டையிட்டன. சூளைக்குப் பக்கத்து வெதுவெதுப்பில் அடை காத்தன. வெள்ளை ஓட்டுச் சில்லுக் குவியலின் மேல் சாம்பல் கோழி ஏறி நிற்பதைப் பார்த்தால் சாமான் வாங்க வந்தவர்கள் சாமானை விட்டுவிட்டுக் கோழியைப் போட்டோ எடுப்பார்கள்.

கலெக்டர்

அந்தக் கூட்டத்தில் ஒரு வருஷம் ஒருவன் பிறந்தான். கிராப்பு கோணாமல் நேராக நின்றது. கால் வழவழவென்று கறுப்புக் கல் மாதிரி. நடை இருக்கிறதே, முன்னால் டவாலி போவதுபோல ஒரு நடை. என் வீட்டுக்காரர் சேகர்தான் அவனுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தார்.

ஒரு கோழிக் கண்காட்சியில் கலெக்டர் முதல் பரிசு வாங்கினான். அதற்குப் பிறகு எங்கள் பட்டறை வாசலில் பொம்மைக்கு வந்த வண்டிகளைவிடக் குஞ்சுக்கு வந்த வண்டிகள் அதிகம். நாட்டுக்கோழி வளர்ப்போருக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்த தனபாலும் அப்போதுதான் அறிமுகம். சிமெண்ட் வியாபாரி. எல்லோரும் தலைவர் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கலெக்டரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கிராப்புக் கோழி என்றால் இனி இதுதான் இலக்கணம் என்று அறிவித்தார். சாம்பல் நிறம், நேர் கிராப்பு, மயிரில்லாத சுத்தமான கால். மற்றது எல்லாம் கலப்பு.

எங்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. தோன்றாததற்கு எங்கள் தொழில் ஒரு காரணம்.

பீங்கான் தொழிலில் நல்ல தாய் அச்சு ஒன்று அமைந்துவிட்டால் போதும். ஆயிரம் பிள்ளையார் வேண்டுமா, ஆயிரமும் ஒரே தும்பிக்கையோடு வரும். கோணியது, கீறியது, புள்ளி விழுந்தது எல்லாம் செகண்ட்ஸ் என்று ஒதுக்கித் தனியாகக் குவித்துவிடுவோம். அதே புத்தியோடு கோழிக்கும் இறங்கினோம். கலெக்டர் தாய் அச்சு. கிராப்பு சாய்ந்த சேவல் செகண்ட்ஸ். காலில் தூவி, அதாவது பஞ்சு இறகு, முளைத்த சேவல் செகண்ட்ஸ். எங்கள் கூட்டத்தில் அப்போது கால் தூவியோடும் சில பிறந்துகொண்டிருந்தன. எல்லாம் குழம்புக்குப் போயின.

பேட்டையில் எங்களைப் பார்த்து வளர்த்த எல்லோரும் இதையே செய்தார்கள். வேறு ஊர்க்காரர்கள் இரண்டு சேவலையாவது வைத்திருப்பார்கள். அச்சுக்காரர்களான எங்களுக்கு ஒன்று போதும் என்று தோன்றியது.

சுட்ட பொம்மையில் அச்சு

ஒரு பங்குனியில் அடைக்கோழி எழுந்துகொண்டது. அடியில் கை விட்டேன். முட்டைகள் சூடாக இருந்தன, ஆனால் சத்தமில்லை. இரண்டு குஞ்சுதான் வெளியே வந்திருந்தது. அதில் ஒன்றுக்குக் கால் விரல் உள்ளே மடங்கியிருந்தது.

மீதி முட்டைகளைப் பின்பக்கம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்தேன். பாதி கூமுட்டை. மற்றதில் குஞ்சு முழுதாக உருவாகி, கிராப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஈரமாக ஒரு குறி கூட வந்து, ஓட்டைக் கொத்தாமலே செத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. பட்டறை ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு வைக்கோலைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், தீவனக்காரரைத் திட்டினேன்.

சேகர் மடங்கிய விரல் குஞ்சைக் கையில் வைத்துப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“சுட்ட பொம்மைல அச்சு எடுத்தா மாதிரி இருக்குது” என்றார்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை மண் பொம்மை சூளையில் சுட்டதும் சுருங்கும். சுட்ட பொம்மையின் மேல் திரும்ப அச்சு எடுத்து, அதில் வார்த்துச் சுட்டால் இன்னும் சுருங்கும். மூக்கு மழுங்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து முறை இப்படியே போனால் பிள்ளையாருக்கும் பிடிமண்ணுக்கும் வித்தியாசம் இருக்காது. பேட்டையில் இதைச் செய்கிறவரை யாரும் மதிக்க மாட்டோம்.

நாங்கள் அதைத்தான் கோழியில் செய்திருந்தோம். கலெக்டரின் மகள்களுக்குக் கலெக்டரே மாப்பிள்ளை. பேத்திகளுக்கும் அவனே. வேறு சேவல் தேடலாம் என்றால், வளர்ப்பவர்கள் எல்லோரும் எங்களிடமிருந்து வாங்கிப் போனவர்கள். தனபாலின் சேவல் கலெக்டரின் மகன். பேட்டைச் சேவல்கள் அத்தனையும் அவன் பிள்ளைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பங்காளி வீடு. பங்காளி வீட்டில் நாம் பெண் எடுப்பதில்லை, கோழிக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தனபாலுக்கு போன் செய்து சொன்னேன். அவர் வீட்டிலும் முட்டை சரியாகப் பொரிப்பதில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. வைட்டமின் கொடுங்கள் என்றார். வெளிச் சேவலைச் சேர்த்துவிடாதீர்கள், பரம்பரை போய்விடும் என்றார். பரம்பரை ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது தலைவரே என்றேன். அவர் வேறு அழைப்பு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

குதிரை கேட்டு வந்தவர்கள்

சித்திரையில் மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பட்டறைக்கு வந்தார்கள். கொளஞ்சி டிராக்டர் ஓட்டுகிறவர். மனைவி பவுனு. பவுனுக்கு வயிற்றில் கட்டி இருந்து ஆபரேஷன் ஆகி, உடம்பு தேறியிருந்தது. முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டபடி ஒரு ஜோடி வெள்ளைக் குதிரை வைக்க வேண்டும், பளபளவென்று கிளேஸ் போட்டதாக வேண்டும் என்றார்கள்.

நான் குதிரை அளவு கேட்டுக்கொண்டிருந்தேன். கொளஞ்சி என்னைப் பார்க்காமல் கலெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதே கிராப்பு எங்கூட்ல ஒண்ணு நிக்குதுக்கா. இதே சாம்பலு. காலுல மட்டும் தூவி இருக்குது. சாமிக்கு வுட்டது.”

கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லை, அவர்கள் வீட்டில் அந்தக் கோழி எப்போதும் இருக்கிறது, சேவலில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்றாள் பவுனு. பேட்டைக்கும் அவர்களுக்கும் எந்தப் போக்குவரத்தும் இருந்ததில்லை.

அந்தச் சேவலை விலைக்குக் கேட்டேன். பதிலுக்கு இரண்டு சேவல் தருகிறேன் என்றேன். குதிரைக்குக் காசே வேண்டாம் என்றும் சொன்னேன், அதைக் கேட்ட சேகர் உள்ளே போய்விட்டார். கொளஞ்சி அசையவில்லை. பவுனு பிழைத்தால் ஆடியில் இந்தச் சேவல் என்று பேர் சொல்லி நேர்ந்தது. நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது.

“சாமிக்கு சொன்னத மாத்த முடியாதுக்கா” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். நான் டேப்பை மறுபடி கையில் எடுத்தேன்.

பவுனுதான் வழி சொன்னாள். “அவன் போற வரைக்கும் ஊரெல்லாம் அவன் இஷ்டம்தான். யாரும் வெரட்ட மாட்டாங்க. நீங்க வேணும்னா ஒங்க கோழிவோள கொண்டாந்து வுடுங்க.”

அன்றிலிருந்து அவள் எனக்குச் சம்பந்தி.

மாறாத கோழிகள்

வைகாசியில் முட்டையிடுகிற கோழிகளாகப் பார்த்து ஒரு கூடை கொண்டுபோய் விட்டேன். நாய்க்குப் பயந்து பவுனு அவற்றைப் பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வைத்து, சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டிருக்கிறாள். நாலைந்து நாளில் போய்க் கோழியையும் அங்கே இட்ட முட்டையையும் எடுத்து வந்துவிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு அச்சை எடுத்துவிட்டு வேறு அச்சை வைத்தால் அடுத்த வார்ப்பே புது பொம்மைதானே.

குஞ்சுகள் பொரித்த அன்று ஒவ்வொன்றின் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாமிச் சேவலின் பிள்ளை என்றால் காலில் பஞ்சு மாதிரித் தூவி தெரிய வேண்டும். எல்லாம் மொட்டைக் கால். எண்ணிக்கையும் குறைவு. ஒன்றுக்கு மறுபடியும் விரல் மடங்கியிருந்தது. அத்தனையும் கலெக்டரின் பிள்ளைகள்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குக் குஞ்சோடு போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, கோழிகளை மூன்று வாரம் தனியாக வைத்தீர்களா என்பதுதான். இல்லை என்றேன்.

“ஒரு தடவ சேவலோட சேர்ந்தா, அந்த வித்து கோழி உடம்புக்குள்ளயே ரெண்டு மூணு வாரம் வரைக்கும் தங்கும்மா. நீங்க சேவல மாத்திட்டீங்க. கோழி இன்னும் மாறல.”

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் விரல் மடக்கி நாள் எண்ணினேன். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. கழிந்த நாட்களை நினைத்து எனக்கு என்மேலேயே எரிச்சல். அச்சு அச்சு என்று ஒரே பாட்டைப் பாடியதற்குக் கோழி நன்றாகப் பதில் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அச்சு அறையைக் காலி செய்து கோழிகளை உள்ளே விட்டுப் பூட்டினேன். கலெக்டர் வெளியே. அந்த மூன்று வாரமும் அவன் செய்த அட்டகாசம் பேட்டைக்கே தெரியும். கதவைக் கொத்தினான், ஜன்னலில் ஏறி நின்று கூவினான், பூட்டைத் திறக்கப் போன என் காலில் பாய்ந்தான். பக்கத்துப் பட்டறைக்காரர் கலெக்டர் தர்ணா பண்ணுகிறார் என்று கேலி செய்தார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை விட்டுவிடு, இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு எப்படியோ ஓடும் என்றார் சேகர். எப்படியோ ஓடுகிறதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கோழிக்குக் கம்பு போடப் போனேன்.

உத்தரவு

அந்த இரண்டாவது பயணத்தில்தான் கண்டக்டர் கூடையைத் தட்டினார். மூன்று வாரம் தனித்திருந்த கோழிகள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மிச்சமிருந்தது சில நாட்கள்.

இம்முறை பவுனு பஞ்சாரத்தைத் தொடவே இல்லை. சுற்றி வலை கட்டி, நாயைக் கட்டிப்போட்டு, கோழிகளைத் திறந்துவிட்டாள். சாமிச் சேவல் தெருவெல்லாம் மேய்ந்துவிட்டு வந்தான். கலெக்டரைப் போல அழகன் இல்லை. கிராப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, காலில் தூவி சேறு அப்பிக் கிடந்தது. எங்கள் கணக்கில் முதல் தர செகண்ட்ஸ். என் கோழிகளைப் பார்த்ததும் ஒரு சிறகைத் தரையில் உரசிக்கொண்டு வட்டமிட்டான். நானும் பவுனும் சின்னப் பெண்களைப் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை நானும் சேகரும் போனோம். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா.

முனியப்பன் கோயில் என்றால் புளியமரமும் வேல்களும் நாங்கள் செய்த வெள்ளைக் குதிரைகளும்தான். கொளஞ்சி சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் கழுத்தில் சின்ன மாலை. பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் தெளித்தார். உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலிர்க்காவிட்டால் வெட்டக் கூடாது.

சேவல் சிலிர்க்கவில்லை.

சிலிர்க்காதேடா ராஜா, இப்படியே நில் என்று மனசுக்குள் சொன்னேன். பூசாரி மறுபடி தெளித்தார். தண்ணீர் சாய்ந்த கிராப்பிலிருந்து சொட்டியது. அவன் கண்ணை மட்டும் சிமிட்டினான்.

கூட்டத்தில் யாரோ, என்ன குறையோ என்று முணுமுணுத்தார்கள். பவுனைப் பார்த்தேன். கை அவளை அறியாமல் ஆபரேஷன் பண்ணிய இடத்துக்குப் போய் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் நான் வேண்டிக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது முறை தெளித்தபோது கழுத்திலிருந்து வால் வரைக்கும் உதறினான். தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது. உடுக்கை அடித்தது, பெண்கள் குலவையிட்டார்கள், பவுனு என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பந்தியில் பவுனு ஒரு தொடையை எடுத்து என் இலையில் வைத்தாள். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூடையும் கோழியுமாக நின்ற என்னைப் பார்த்து சேகர் பரிதாபப்பட்டார்.

“வுடு ரேவதி. சேவலே போயிடுச்சி. இத்தோட முடிஞ்சுது.”

“முடியலீங்க” என்றேன். “டாக்டரம்மா சொன்னது மறந்துட்டீங்களா? சேவல்தான் போச்சு. கோழி இன்னும் மாறல.”

தூவி

கூடையை வீட்டில் இறக்கியதும் அச்சு அறைக்கு மறுபடி பூட்டு. கலெக்டர் மறுபடி தர்ணா. அடுத்து வந்த இரண்டு வாரமும் விழுந்த முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வைத்தேன். என் வேலையைக் கெடுத்த அதே விஷயத்தின் மேல்தான் இப்போது மொத்த நம்பிக்கையும். முதல் தடவை கலெக்டர் எந்த வழியாக ஏமாற்றினானோ, அந்த வழியாகத்தான் செத்துப்போனவன் வர வேண்டும்.

வந்தான். ஆவணிக் கடைசியில் ஒரு காலை அடைக்கோழியின் அடியில் ஒரே கீச்சுச் சத்தம். இரண்டு மூன்று முட்டை தவிர எல்லாம் பொரித்திருந்தன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். கணுக்காலில் வெள்ளையாக, ஊதினால் பறந்துவிடும் போலத் தூவி. அடுத்ததற்கும் தூவி. அதற்கடுத்ததற்கும். விரல்கள் எல்லாம் நேராக இருந்தன. இந்த முறை பட்டறை ஆட்கள் பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, நன்றாகவே அழுதேன். சேகர் ஒரு குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குக் காட்டப் போனார்.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். தனபால் ஒரே வார்த்தை எழுதினார்: கலப்பு. அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒருவர் எனக்கு இரங்கல் கூடத் தெரிவித்திருந்தார்.

நான் என் போக்கில் போனேன். பட்டறையில் கப்பு வாங்கி மங்கலம்பேட்டையில் விற்கிற நூர்ஜகானுக்குச் சில பெட்டைக் குஞ்சுகளைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் துபாயில், வீட்டின் பின்பக்கம் நிறைய இடம். நான், பவுனு, நூர்ஜகான் மூன்று பேரும் சேர்ந்து பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம். கோழிகள் பிறந்த வீட்டிலேயே இருக்கும். சேவல் பிள்ளைகள் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுச் சேவல் மங்களூருக்கு, மங்களூர்ச் சேவல் மங்கலம்பேட்டைக்கு, மங்கலம்பேட்டைச் சேவல் எங்களுக்கு. வருஷா வருஷம் அதே திசை, திரும்பக் கூடாது. மனுஷர்களில் பெண்தான் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும், இங்கேயாவது மாப்பிள்ளை போகட்டும் என்றாள் நூர்ஜகான். மாமன் மகளைக் கட்டுகிற வழக்கமும் கோழிக்குக் கிடையாது என்று நான் சேர்த்துக்கொண்டேன். சாய்ந்த கிராப்பு, நேர் கிராப்பு, தூவிக் கால், மொட்டைக் கால் எல்லாம் இருக்கும். எதுவும் செகண்ட்ஸ் இல்லை.

இந்த முறைப்படி முதலில் ஊரை விட்டுப் போக வேண்டியவன் கலெக்டர். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தை வரைக்கும் தள்ளிப்போட்டேன்.

பிடுங்க மாட்டேன்

தை முடிவில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கண்காட்சி வைத்தார்கள். சாமிச் சேவலின் மகன் ஒருவனைக் கொண்டுபோனேன். கிராப்பு அவனுக்கு நேராகவே நின்றது. கலெக்டரைவிட அகன்ற நெஞ்சு. கூண்டுகளுக்கு நடுவே தனபால் நடந்து வந்தார். இவன் முன்னால் நின்றார். நகரவில்லை. கோழி தெரிந்தவர்தான் அவர், அதில் சந்தேகமில்லை. பிறகு காலைப் பார்த்தார்.

குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“அந்தத் தூவிய புடுங்கிட்டு வாங்கம்மா. பின்னாடி ரூமு இருக்குது. முதல் பரிசு ஒங்களுக்குத்தான்.”

நான் மற்றவர்களுக்குக் கேட்கும்படியே பதில் சொன்னேன்.

“புடுங்க மாட்டேன் தலைவரே. இவன் உசுரோட நிக்கறதே அந்தத் தூவியாலதான். பரிசு வேணும்னா அழகா இருக்கற கூமுட்டைக்கு குடுங்க.”

போட்டியில் சேர்க்க முடியாது என்று கூண்டின் மேல் ஒட்டினார்கள். நான் சேவலைக் கூண்டிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, துணி போட்டு மூடாமல், கால் இரண்டும் எல்லோருக்கும் தெரியும்படி மண்டபத்தின் நடு வழியாகவே வெளியே வந்தேன். பின்னால் வந்து இரண்டு பேர் குஞ்சு கிடைக்குமா என்று கேட்டார்கள். சேவலை வருஷா வருஷம் மாற்றச் சம்மதமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். தனபால் வீட்டில் இப்போது முட்டை பொரிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டால் எங்கள் வரிசையில் நாலாவது வீடாக அவருக்கும் இடமுண்டு, கேட்க வேண்டியவர் அவர்.

மறுநாள் காலை பவுனு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ள விருத்தாசலம் வந்திருந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பும்போது கலெக்டரைக் கொண்டுபோக வேண்டும் என்று முன்பே பேச்சு.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். என் கைக்குள் அவன் இதயம் அடிப்பது தெரிந்தது. கலெக்டர் என்றால் மாற்றல் வரத்தான் செய்யும் என்று சேகர் தமாஷ் பண்ணிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. வாசலில் இனி யார் கூவுவார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அவன் போய்த்தான் ஆக வேண்டும், பிடித்தவனையே பிடித்துக்கொண்டிருந்துதான் ஓட்டுக்குள் செத்த குஞ்சுகளைப் பார்த்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கூடையைப் பவுனின் மடியில் வைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் அடங்கவில்லை.

“பவுனு, நாளைக்கு வூட்டுல யாருக்காவது ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா...”

அவள் புரிந்துகொண்டாள். கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“இவன நேர்ந்துக்க மாட்டேன்க்கா. சாமியே வந்து கேட்டாலும், இது சம்பந்தி வூட்டு ஆளு, கை வெக்க முடியாதுன்னு சொல்லிடுவேன்.”

பஸ் கிளம்பியது. கண்டக்டர் கூடையைத் தட்டுவதும், பவுனு நிமிர்ந்து அவரிடம் ஏதோ சொல்வதும் தெரிந்தது. உள்ளேயிருந்தபடியே கலெக்டர் கூவினான். பாலக்கரை முனையில் பஸ் திரும்பும் வரைக்கும் எனக்குக் கேட்டது.